சீட்டில்லாமல் வரும் பசுக்கள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எங்கள் கடையில் கூட்டம் சேரும். சரக்கு ரயில் கடந்து போகும்வரை காத்திருப்பவர்கள், அந்த நேரத்தில் ஒரு தலைவலி மாத்திரையாவது வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஓர் ஐப்பசி மாலையில், மழைக்கு முக்காடிட்ட ஓர் ஆயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காலி ஊசி மருந்துக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதே மாதிரி ஒன்று கொடு கண்ணு. ஒன்று போதும்."

செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், ஒரு கிராம். சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். யாருக்கு என்று கேட்டேன். "லட்சுமிக்கு." வாய்ப்பழக்கத்தில் வயது என்ன என்று கேட்டுவிட்டேன். "நான்காவது ஈற்று" என்றார்.

லட்சுமிக்கு மடிநோய். இடது பக்கப் பின்காம்பு கல்லாக வீங்கி, பாலில் திரித்திரியாக வந்திருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு, வேறொரு கடையில் இந்த மருந்தை வாங்கி, ஊசி போடத் தெரிந்த ஒரு தம்பியை அழைத்து முந்தின நாள் போட்டிருக்கிறார். வீக்கம் பாதி வடிந்ததாம். இன்னொன்று போட்டால் மீதியும் வடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் எத்தனை தவறுகள் இருக்கின்றன என்று என் மனம் எண்ணிக்கொண்டிருந்தபோது, வேறொன்று சுருக்கென்று உறைத்தது. எங்கள் வீட்டுக்கு வருவதும் அந்த ஆயாவின் பால்தான். முந்தின இரவு உறை ஊற்றிய பால் காலையில் நீர்த்துக் கிடந்தது. மழைக் குளிர் என்று நினைத்து, அடுத்த முறை பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் இறங்கியிருந்தால் உறைமோரில் இருக்கும் பாக்டீரியாவையும் அது தாக்கும். பால் பண்ணைகளில் வரும் பாலை மருந்து எச்சத்துக்காகச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தயிர் கெட்டதற்கு மழையா மருந்தா காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாலை என் மகள் குடித்திருந்தாள். காய்ச்சினால் போய்விடும் என்று ஆறுதல் அடையவும் வழியில்லை. பல ஆன்டிபயாடிக் மருந்துகள் நாம் பால் காய்ச்சும் சூட்டில் முழுதாக அழிவதில்லை.

பதினேழு ஆண்டுகளாக இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். மனிதருக்கு எழுதிய மருத்துவர்களுடன் எத்தனையோ முறை தொலைபேசியில் பேசியிருக்கிறேன்: கையெழுத்து புரியவில்லை, இந்த அளவு சரிதானா, இந்த மருந்து கிடைக்கவில்லை, மாற்று என்ன. ஒரு கால்நடை மருத்துவருடன் ஒரு முறைகூடப் பேசியதில்லை. ஒருவர் எண்ணும் என்னிடம் இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் புறாவுக்கும் என் கடையிலிருந்து மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. வாங்குபவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று கேட்டேன். வியாசர்பாடியில் தொழுவங்களுக்கு வந்துபோகும் ஓர் இளம் கால்நடை மருத்துவரின் எண், எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் அண்ணனிடம் இருந்தது. ஆயாவை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அழைத்தேன். "மெடிக்கலில் இருந்தா பேசுகிறீர்கள்?" என்று இரண்டு முறை கேட்டார் அவர். பிறகு வரிசையாகக் கேள்விகள்: எந்தக் காம்பு, கன்று ஈன்று எத்தனை நாள், மாடு தீவனம் தின்கிறதா, காய்ச்சல் உண்டா. நான் கேட்டு ஆயா சொல்ல, திருப்பிச் சொன்னேன். மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம், நோய்க்காம்பிலிருந்து பாலை அடிக்கடி பீய்ச்சி வெளியேற்றச் சொல்லுங்கள், அந்தப் பாலைத் தரையில் விட வேண்டாம், இரவு எட்டு மணிக்கு வருகிறேன் என்றார். வைப்பதற்கு முன், "நான் சீட்டு எழுதினால் உங்களிடம் என்னென்ன இருக்கும்?" என்று கேட்டார். எனக்கும் அவருக்கும் இடையில் எல்லாம் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான்.

ஆயாவின் கணக்குக்கு வருகிறேன். மனிதருக்கான ஒரு கிராம் குப்பி, ஏறத்தாழ அறுபது கிலோ எடையுள்ள ஆளை மனதில் வைத்துச் செய்தது. கறவை மாட்டின் எடை அதைப்போல ஐந்தாறு மடங்கு. அந்த ஒரு கிராம் மாட்டின் உடலில் பரவும்போது வலுவில்லாத பாக்டீரியா சாகும். கொஞ்சம் தாக்குப்பிடிக்கக்கூடியது பிழைத்து, பெருகி, மடியை நிறைக்கும். வீக்கம் பாதி வடிந்ததன் பொருள் அதுவாக இருக்கலாம். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே இந்த ஆபத்தைச் சொல்லியிருக்கிறார். கடைகளில் யார் வேண்டுமானாலும் பென்சிலினை வாங்கும் காலம் வரலாம், அப்போது அளவு குறைவாகப் போட்டுக்கொண்டு கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவார்கள் என்பது அவர் கவலை. மருந்துக் கடையில் நிற்கும் எனக்கு, அவர் கடை என்று சொன்னது நெஞ்சில் தைக்கிறது.

செஃப்ட்ரியாக்சோன் சாதாரண மருந்தன்று. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் மருந்துகளை மூன்றாகப் பிரித்து, கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவை என்று ஒதுக்கிய பிரிவில் அது இருக்கிறது. நம் நாட்டில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 அட்டவணையிலும் இருக்கிறது. அதாவது, எழுதிய மருத்துவரின் பெயரும் நோயாளியின் பெயரும் மருந்தின் அளவும் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் கடும் தொற்றோடு கிடப்பவருக்குத் தேவைப்படும் மருந்து முந்தானை முடிச்சில் வந்து நிற்கிறது.

அன்று இரவு டாக்டர் வந்து பார்த்தார். பாலில் மாதிரி எடுத்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தனுப்பினார். சைதாப்பேட்டையில் 1903இல் தொடங்கி வேப்பேரிக்கு வந்த கல்லூரி அது. வடசென்னையில் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடுவது அங்கேதான். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று தெரிந்துகொண்டு மருந்து கொடுப்பது மாட்டுக்கும் உரியது என்பதை நான் அன்றுவரை யோசித்ததே இல்லை. முடிவு வந்ததும் அவர் எழுதிய மருந்து பழைய, விலை குறைந்த ஒன்று. "மனிதர்களுக்குக் கடைசியாக வைத்திருப்பதை மாட்டுக்கு முதலில் போடக் கூடாது, மேடம்" என்றார்.

சீட்டில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எழுதியிருந்தார். மருந்துச் சட்ட விதிகளே அப்படித்தான் சொல்கின்றன: விலங்குக்கான மருந்து என்றால் சீட்டில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். தகுதி பெற்ற கால்நடை மருத்துவரின் சீட்டும் செல்லும். சட்டம் எங்கள் இரு தொழிலையும் ஒரே விதியில் எப்போதோ சேர்த்து எழுதிவிட்டது. நாங்கள்தான் பேசிக்கொள்ளவில்லை.

மருந்து போட்ட பிறகுதான் கடினமான பகுதி. விலங்குகளுக்கான மருந்தின் மேலட்டையில், கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றை உணவாக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்க வேண்டும். 2012 ஜனவரியில் வந்த விதி அது. குறிப்பிட்ட காலம் தெரியாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். ஆயா மனிதருக்கான குப்பியை வாங்கினாரே, அதில் இந்தக் குறிப்பு எப்படி இருக்கும்? என்னைப் போன்றவர்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். எனக்கோ அதைப் படித்திருந்தும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆயாவிடம் இருப்பவை இரண்டு மாடுகள். ஒரு மாட்டின் பாலை ஏழு நாள் விற்காதே என்று சொல்வது எனக்கு ஒரு வாக்கியம். அவருக்குத் தவிடும் புண்ணாக்கும் வாங்கும் பணம், பேத்தியின் பஸ் செலவு, வட்டி. "அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?" என்று அவர் கேட்டபோது எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. கன்றுக்கு ஊட்டிவிடலாமா என்று கேட்டார். கூடாது, கன்றின் குடலில் இருக்கும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர். கால்வாயில் ஊற்றினால் அங்கே இருக்கும் கிருமிகளுக்கும் அதே கதைதான். இழப்பீடு இல்லாமல் சிறு மாட்டுக்காரர்களின் தலையில் இந்தப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். காப்பீடு என்ற பெயரிலோ பால் கூட்டுறவு வழியாகவோ அந்த ஏழு நாளுக்கு யாராவது ஈடு செய்ய வேண்டும். செய்யாதவரை, மருந்து போட்டதை மறைத்துப் பாலை ஊற்றுபவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாடு முழுவதும் 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77இல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பை மீறியிருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். சிறிய எண்தான். ஆனால் எச்சம் பிரச்சினையின் ஒரு பக்கம் மட்டுமே. மாட்டின் குடலிலும் மடியிலும் பழகிய கிருமி சாணத்தில், கையில், ஈரத் தரையில் வெளியே வருகிறது. அதற்கு வரம்பு அச்சிட்ட மேலட்டை எதுவும் கிடையாது.

பாக்டீரியாக்களின் இன்னொரு வித்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தை எதிர்க்கும் திறன் தாயிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போவதில்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையத்தில் ஏறி, பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் போகிறது. பன்றிகளுக்குக் கொலிஸ்டின் கொடுத்து வந்த சீனாவில், அந்த மருந்தை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு இப்படிப் பிளாஸ்மிட்டில் ஏறித் திரிவதை 2015இல் கண்டறிந்தார்கள். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுக்கும் மருந்து கொலிஸ்டின். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது.

இந்தக் கதையில் எங்கள் ஊரின் பெயரும் உண்டு. பல மருந்துகளுக்கு அடங்காத என்டிஎம்-1 மரபணு கொண்ட கிருமிகளைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் 44 கிருமி மாதிரிகள் சென்னையில் கிடைத்தவை. நாட்டுக்கு இழுக்கு என்று அப்போது பெரிய கூச்சல் எழுந்தது. இரண்டு ஆண்டுகளில், 2012 ஆகஸ்டில், மருத்துவ அமைப்புகள் இதே நகரில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை உருவாக்கின. கூச்சல் அடங்கிவிட்டது, கிருமிகள் அடங்கவில்லை. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத தொற்றால் நேரடியாக 12.7 லட்சம் பேர் உலகெங்கும் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

புறாக்களுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் என் தவறு அதிகம். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் மாடிதோறும் கூண்டு கட்டிப் பந்தயப் புறா வளர்க்கிறார்கள். தான் சாப்பிடாவிட்டாலும் புறாவுக்குத் தானியம் வைக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பந்தயப் பருவத்தில் வாரந்தோறும் டெட்ராசைக்ளின் அட்டை வாங்குவார். மாத்திரைக் கூட்டைப் பிரித்துப் பொடியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் கலக்கிவிடுவார், மொத்தக் கூண்டுக்கும். நோய் வந்ததற்காக இல்லை, வராமல் இருப்பதற்காக. நான்கைந்து ஆண்டுகள் அதை நான் விற்றேன். அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்று மக்களுக்குச் சொல்லத்தான் அந்தக் கோட்டைப் பற்றி 2016இல் அரசு பரப்புரை செய்தது. நான் கோட்டைப் பார்த்தேன், புறாவுக்குத்தானே என்று கொடுத்தேன்.

ஒரு நாள் அவர் அழாத குறையாக வந்தார். நான்கு புறாக்களுக்குக் கழுத்து திருகிக்கொண்டது, கழிச்சல் நீராகப் போகிறது. இன்னும் வலுவான மருந்து வேண்டும் என்றார். டாக்டருக்கு அழைத்து அவரிடமே பேசக் கொடுத்தேன். அது வைரஸ் நோயாக இருக்கும், கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் வைரஸின் நெருங்கிய உறவு, எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது, நோய்ப் புறாக்களைப் பிரித்து வையுங்கள் என்றார் அவர். தடுப்பூசி உண்டு, முன்பே போட்டிருக்க வேண்டும். அந்தப் பையன் என்னைப் பார்த்து, "இத்தனை நாளாக நீங்கள் கொடுத்தது எதற்கு அக்கா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு இன்னும் தூக்கத்தில் அந்தக் குரல் கேட்கிறது.

கோழியின் வெள்ளைக் கழிச்சல், ஆட்டுக்கொல்லி, மாட்டின் கோமாரி மூன்றுமே வைரஸ் நோய்கள், மூன்றுக்கும் தடுப்பூசி இருக்கிறது. இவற்றுக்காக என் கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வந்தவர்களை நினைத்துப் பார்த்தால் தலை குனிகிறேன். சில வேளைகளில் பின்னால் சேரும் பாக்டீரியாத் தொற்றுக்கு மருந்து தேவைப்படும். அதை முடிவு செய்ய வேண்டியவர் விலங்கைத் தொட்டுப் பார்த்தவர்.

மறுப்பது மட்டும் போதாது என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். நான் இல்லை என்றால் கேட்டைத் தாண்டினால் இன்னொரு கடை. அங்கே கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் இப்போது இல்லை என்று சொல்லும் அதே மூச்சில் டாக்டரின் எண்ணை எழுதிக் கொடுக்கிறேன், பெரும்பாலும் நானே அழைத்துக் கொடுக்கிறேன். புதன்கிழமை மாலை அவர் எங்கள் பக்கம் வருகிறார். அதற்கு முன் அந்த வாரம் யார் யார் எந்த விலங்குக்காக வந்தார்கள் என்ற பட்டியலை நான் வைத்திருப்பேன். அவர் சீட்டின் கீழே, பாலை எந்தத் தேதிவரை விற்கக் கூடாது என்று தமிழில் பெரிதாக எழுதுகிறார். நான் அதே தேதியை மருந்துப் பெட்டியிலும் எழுதி ஒட்டுகிறேன். மூன்றாம் நாள் அழைத்து மருந்தை முழுதும் போட்டார்களா என்று கேட்பது என் வேலை. மீந்த குப்பியை வீட்டில் வைக்காமல் கொண்டுவரச் சொல்வதும்.

எனக்குத் தெரிந்தது அவருக்கும் உதவுகிறது. ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் ஒரே மாட்டுக்குப் போனதை ஒரு முறை பில்லைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மாட்டுக்காரர் வேறு ஒருவரிடமும் காட்டியிருந்தார், அது டாக்டருக்குத் தெரியாது. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும் என்று அவர் எனக்குச் சொன்னார். பூனைக் காய்ச்சலுக்கு அரை மாத்திரை கேட்டு வருபவர்கள் எங்கள் தெருவில் உண்டு. இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இப்படி ஒரு கதவை மூட முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு டைக்ளோஃபெனாக்கைக் காட்டுவேன். வலிக்காக அதைப் போட்ட மாடு செத்ததும் அந்த இறைச்சியைத் தின்ற கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் விலங்குகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். ஆனாலும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, எங்களைப் போன்ற கடைகள் வழியாகத்தான். 2015இல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி ஒற்றைக் குப்பியில் மட்டும் விற்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, ஒரு மாட்டுக்குப் பல குப்பிகளை உடைக்க வேண்டியதாயிற்று. மருந்து எந்த வழியாகத் தவறிப்போகிறது என்று பார்த்து அந்த வழியை அடைத்த ஏற்பாடு அது. ஆன்டிபயாடிக்கைக் குப்பியின் அளவால் அடைக்க முடியாது, மனிதருக்கும் அது அவசியம். இங்கே அடைப்பு, கடையில் நிற்பவரும் தொழுவத்தில் நிற்பவரும் ஒருவருக்கொருவர் அழைக்கும் அழைப்பாகத்தான் இருக்க முடியும். ஒவ்வொரு மருந்துக் கடைக்கும் அருகில் இருக்கும் கால்நடை மருத்துவரின் எண்ணை அரசே கொடுத்து, பெயர்ப்பலகைக்குக் கீழே எழுதி வைக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. செலவு ஒரு டப்பா பெயின்ட்.

லட்சுமி தேறிவிட்டாள். அந்தக் காம்பில் பால் முன்போல் இல்லை, மற்ற மூன்றில் கறக்கிறது. ஏழு நாளும் ஆயா அந்தப் பாலை விற்கவில்லை. எட்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு ஊற்ற வந்தபோது அவர் கேட்காமலே இரண்டு மாதப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன். என்னால் முடிந்த ஈடு அவ்வளவுதான்.

புறாக்காரர்களில் ஐந்து பேர் வருகிற ஞாயிற்றுக்கிழமை தடுப்பூசி போடச் சம்மதித்திருக்கிறார்கள். டாக்டர் காலை ஆறு மணிக்கே மாடி ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார், வெயில் ஏறினால் புறா தவிக்கும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடை ஃபிரிட்ஜில் இன்சுலினுக்குக் கீழே ஓர் அடுக்கை ஒழித்து, தனிப் பெட்டி வைத்து, விலங்குகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஐஸ் பெட்டியைக் காசிமேட்டு மீன்கார அக்கா தருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை இரவு போய் வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும்.